சைலன்சரைக் கழற்றிக் காட்டிய டீலர்: ஒரு செயின்சா கடையைப் பற்றிய மதிப்பீடு

மரம் அறுக்கும் என்னுடைய பழைய செயின்சாவை அந்த டீலரின் பட்டறை மேசைமேல் வைத்தபோது, அவர் ஸ்டார்டர் கயிற்றை இழுத்துப் பார்க்கவில்லை. கார்புரேட்டர் திருகுகளைத் தொடவும் இல்லை. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எவ்வளவு நாளா இது உள்ளேயே கிடக்குது?" என்று கேட்டார். பிறகு சைலன்சரைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றி அதை எடுத்து வைத்துவிட்டு, தெரிந்த துவாரத்தின் வழியே டார்ச் அடித்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக, பூனை பிறாண்டியதுபோல் கீறல்கள் ஓடியிருந்தன. அதற்கு முன் அந்த இயந்திரத்தை இரண்டு இடங்களில் காட்டியிருந்தேன். இரண்டு இடத்திலும் எவரும் சைலன்சரில் கை வைக்கவில்லை. மொத்தத்தில் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தின் பொருட்டே இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் செயின்சாவை நான் வாங்கியது, எல்லாப் பொருளையும் பெட்டியோடு விற்கும் ஓர் இடத்தில். விலை மலிவாக இருந்தது, பெட்டியின்மேல் 58 சி.சி. என்று பெரிதாக அச்சிட்டிருந்தது, அவ்வளவுதான் எனக்கு அன்று தெரிந்த விவரம். ஓராண்டு நன்றாகத்தான் ஓடியது. அதன்பின் ஐட்லிங்கில் நிற்காமல் தானாக ரேஸ் ஏறுவதும், சூடானபின் அணைந்துவிட்டால் மீண்டும் பிடிக்க மறுப்பதுமாக மாறியது. விற்றவர்களிடம் கேட்டபோது அவர்களிடம் உதிரி பாகமும் இல்லை, பதிலும் இல்லை. முதலில் பார்த்த மெக்கானிக் கார்புரேட்டரின் இரண்டு திருகுகளைத் திருப்பிச் சரிசெய்து கொடுத்தார். நான்கு நாள் நன்றாக ஓடியது. இரண்டாவது பார்த்தவர் கார்புரேட்டரையே மாற்றினார். அது ஒரு வாரம் தாங்கியது. நோய் இருந்த இடம் வேறு, இருவரும் மருந்து போட்ட இடம் வேறு.

கீறல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும் என்று இந்த டீலர் விளக்கினார். எண்ணெய் கலக்காத வெறும் பெட்ரோலில் ஓட்டியிருந்தால் உராய்ந்த தடம் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றிலும் பரவியிருக்கும். ஏர் ஃபில்டர் கிழிந்து தூசி உள்ளே போயிருந்தால் கார்புரேட்டர் இருக்கும் பக்கம் பளபளப்பு போய் மங்கலாகத் தேய்ந்திருக்கும். என்னுடையதில் கீறல் முழுவதும் சைலன்சர் பக்கமே இருந்தது. எஞ்சினில் மிகுதியாகச் சூடேறும் பக்கம் அது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஓடும்போது, பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயும் சேர்ந்தே குறைந்துவிடுவதால், முதலில் அடிபடுவது அந்தப் பக்கம்தான். "சாய்ச்சுப் பிடிச்சா ரேஸ் மாறுதா?" என்று கேட்டார். மாறியது உண்மை. முதல் மெக்கானிக்கிடம் நானே இதைச் சொல்லியிருந்தேன். அவர் திருகைத் தளர்த்திப் பெட்ரோலைக் கூட்டி அந்த அறிகுறியை மறைத்தாரே தவிர, காற்று எங்கிருந்து நுழைகிறது என்று தேடவில்லை.

தேடும் முறையையும் அன்று கண்ணால் பார்த்தேன். சைலன்சர் துவாரத்தையும் கார்புரேட்டர் பக்கத்தையும் ரப்பர் தகடு வைத்து அடைத்துவிட்டு, சிறிய கைப்பம்பால் உள்ளே அரை பார் அழுத்தத்துக்கு (பார் என்பது இங்கே அழுத்தத்தின் அலகு) காற்றை ஏற்றினார். மீட்டரின் முள் அசையாமல் நின்றது. லீக் இல்லை போலிருக்கிறதே என்றேன். சிரித்துவிட்டு, பம்பை மாற்றிப் பொருத்தி, இம்முறை உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். முள் மெல்ல மெல்ல இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு உள்நோக்கி அமைந்திருப்பதால், உள்ளே அழுத்தம் ஏறும்போது அது இன்னும் இறுகிக்கொள்கிறது, வெற்றிடம் ஏற்படும்போதுதான் தேய்ந்த உதடு திறந்துகொடுக்கிறது. அழுத்தத்தை மட்டும் சோதித்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொல்பவர் பாதிச் சோதனையைத்தான் செய்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. செயின்சா பழுது பார்ப்பதாகப் பலகை மாட்டியிருக்கும் ஒரு கடையில் இந்தப் பம்ப் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எதற்கு என்று உங்களையே திருப்பிக் கேட்டால், இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

இதன்பின் அவர் செய்ததுதான் என்னை அவரிடம் வாடிக்கையாளனாக்கியது. சிலிண்டர், பிஸ்டன், இரண்டு சீல், கேஸ்கெட் எல்லாவற்றையும் மாற்றி நல்ல தொகை ஒன்றை வாங்கியிருக்கலாம், நானும் கொடுத்திருப்பேன். அவரோ வேண்டாம் என்றார். அந்த மாதிரிக்குக் கிடைக்கும் உதிரி பாகங்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவில் வருகின்றன, பேரிங்கும் தேய்ந்திருக்கிறது, இன்று பிஸ்டன் போட்டால் ஆறு மாதத்தில் இன்னொன்று போகும் என்று சொல்லிவிட்டு, பிரித்துச் சோதித்ததற்கான கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். எனக்காகச் சிலிண்டரையும் கழற்றிக் காட்டினார். வெர்னியர் அளவுகோலில் சிலிண்டரின் உள்விட்டம் 45.2 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 32.5 மில்லிமீட்டர். காகிதத்தில் பெருக்கிப் பார்த்தால் 52 சி.சி. சொச்சம் வருகிறது. பெட்டியில் அச்சிட்டிருந்த 58 எங்கே போயிற்று என்பதற்கு விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

புதியது வாங்குவதற்காக மறுவாரம் அதே கடைக்குப் போனேன். 60 சி.சி. இயந்திரம், 20 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீளமான தகடு) என்று நான் மனத்தில் முடிவெடுத்துக்கொண்டு போயிருந்தேன். பழையது பழுதானதற்கு அதன் சக்தி போதாமைதான் காரணம் என்று எனக்குள் ஒரு மூடநம்பிக்கை இருந்தது. அவர் இயந்திரத்தை எடுத்துக் காட்டுவதற்கு முன் கேள்விகளை எடுத்தார். எந்த மரம், எவ்வளவு பருமன், நிற்கும் மரத்தை வெட்டுவதா அல்லது விழுந்ததைத் துண்டு போடுவதா, ஆண்டுக்கு எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், உங்களைத் தவிர வேறு யாராவது பிடிப்பார்களா, மரத்தில் மண் ஒட்டியிருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விழுந்த மரங்கள், அதிகபட்சம் 35 சென்டிமீட்டர் பருமன், ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் என்று நான் சொன்னதும், 45 சி.சி. வகுப்பில் ஒன்றை 16 அங்குலப் பாரோடு எடுத்து மேசைமேல் வைத்தார். நான் கேட்டதைவிட விலை குறைந்தது. எடையும் ஏறத்தாழ ஒரு கிலோ குறைவு. "காலையில இந்த ஒரு கிலோ தெரியாது ஐயா, மதியத்துக்கு மேல தெரியும்" என்றார். சோர்ந்த கையில்தான் செயின்சா நழுவும் என்பதை யோசித்தால் அது வெறும் விற்பனைப் பேச்சாக எனக்குப் படவில்லை.

பாரின் நீளத்தைப் பற்றி அவர் சொன்னது பலருக்கும் பயன்படும். நீளமான பார் போட்டால் பெரிய மரம் அறுக்கலாம் என்பது மேலோட்டமாகச் சரிதான். ஆனால் அத்தனை பல்லையும் மரத்துக்குள் இழுத்துச் செல்லும் வலு எஞ்சினுக்கு இருக்க வேண்டும், அத்தனை நீளத்துக்கும் எண்ணெய் தள்ளும் திறன் ஆயில் பம்புக்கு இருக்க வேண்டும். சிறிய எஞ்சினில் நீளப் பார் போட்டால் நுனிக்குப் போகும்போது செயின் காய்ந்து, பார் நீலம் பாய்ந்துவிடும். போதாக்குறைக்கு, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் நுனிதான் உதைக்கும். பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டவுடன் இயந்திரம் முகத்தை நோக்கித் தூக்கியடிப்பதை அவர் ஒரு மரக்கட்டையையும் அணைத்து வைத்த செயின்சாவையும் வைத்து மெதுவாக நடித்துக் காட்டினார். எத்தனை நீளம் வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுக்கும் கடைகளில் இந்தப் பாடம் கிடைக்காது.

செயின் விஷயத்தில்தான் ஒரு டீலரின் அறிவு மிகத் தெளிவாக வெளிப்படும் என்பது என் எண்ணம். செயின் கேட்டுப் போனால் பெரும்பாலான இடங்களில் "எத்தனை இன்ச்?" என்ற ஒரே கேள்விதான் வரும். உண்மையில் பிட்ச் (அதாவது செயின் கண்ணிகளுக்கு இடையிலான தூரம்), பாரின் பள்ளத்துக்குள் போகும் பட்டையின் தடிமன், அந்தப் பட்டைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பிட்ச் 3/8 அங்குலமா .325 அங்குலமா என்பது தவறினால் செயின், அதை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் சரியாக உட்காராது, தடிமன் 1.3 மில்லிமீட்டருக்குப் பதில் 1.6 ஆனால் பாருக்குள்ளேயே இறங்காது, தலைகீழாக 1.6 பாரில் 1.3 செயினைப் போட்டால் இறங்கும், ஆனால் ஆடும், அறுப்பு கோணலாகப் போகும். எண்ணிக்கையோ மாடலுக்கு மாடல் மாறும்: அதே 16 அங்குலப் பாருக்கு ஓர் இயந்திரத்தில் 62 பட்டை, இன்னோர் இயந்திரத்தில் 67. முன்பு வேறோரிடத்தில் 'பதினாறு இன்ச்தானே' என்று கட்டிக் கொடுத்த செயின் என் கையில் ஒன்று சும்மா கிடந்தது. அதை இவரிடம் காட்டினேன். அளவுகோல் எதையும் எடுக்காமல், பட்டையில் பொறித்திருந்த 21 என்ற எண்ணை மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார், ".325, ஒன்றரை எம்.எம்., உங்க பார் 1.6" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆரெகன் நிறுவனத்தின் செயின்களில் 20, 21, 22 என்ற எண்கள் முறையே 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டரைக் குறிக்கும், மூன்றும் .325 பிட்ச்தான். ஸ்டில் நிறுவனத்தின் செயினில் இதே விவரம் வேறு விதமாகப் பொறித்திருக்கும். இது கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. ஆனாலும் செயின் விற்பவர் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறதா என்றால், இல்லை.

பல்லின் வடிவத்தையும் அவரே தேர்ந்து கொடுத்தார். கூர்முனையோடு சதுரமாக வளையும் பல் சுத்தமான பச்சை மரத்தில் வெண்ணெய்போல் இறங்கும். மண் ஒட்டிய மரத்தில் பட்டால் அந்த முனை உடனே மழுங்கிவிடும். முனை உருண்ட பல் கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும், தரையில் கிடந்த மரத்துக்கு அதுவே தாங்கும். மண் ஒட்டியிருக்குமா என்று முன்பே கேட்டது இதற்காகத்தான். இடையில் ஒரு செய்தி: இன்று நாம் பயன்படுத்தும் செயினின் பல் வடிவம், ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி 1946-இல் ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைக் கடித்துக்கொண்டு போவதைக் கவனித்ததிலிருந்து பிறந்தது. அவர் 1947-இல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஆரெகன். இடப்பல், வலப்பல் என்று செயின் மாறி மாறி அமைந்திருப்பதன் காரணம் அந்தப் புழுவின் இரண்டு தாடைகள்தான்.

சாணை பிடிப்பதைக் கற்றுக்கொடுக்கும் டீலரை நான் அதற்குமுன் கண்டதில்லை. கற்றுக்கொடுத்தால் வருமானம் குறையுமே என்றுதான் பலரும் நினைப்பார்கள். இவர் வைஸில் பாரை இறுக்கி, என் கையில் 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரத்தைக் கொடுத்து, .325 பிட்சுக்கு இதுதான், பல் தாழ்வான 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மில்லிமீட்டர், இரண்டையும் மாற்றிப் பிடித்தால் பல்லின் கொக்கி கெட்டுவிடும் என்று சொல்லி, ஒரு பக்கத்துப் பற்களை நானே அராவும்வரை விடவில்லை. பல்லின் மேல்தட்டில் 30 பாகைக்குக் கோடு இருக்கிறது, அதற்கு இணையாக அரம் போக வேண்டும். முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லும் ஒரே நீளத்துக்கு வர வேண்டும். நான் ஐந்தாவது பல்லில் கை பழகியதாக நினைத்து வேகமாகத் தள்ளியபோது, பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக் கோணத்தைத் திருத்தினார். அதன்பின் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேட்டைக் காட்டினார். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பல்லின் கூர் முனையைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை அராவ அராவ அதன் உயரம் குறைகிறது, மேடு அப்படியே நிற்கிறது; கடைசியில் பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடாமல் மேடு தாங்கிக்கொள்ளும். செயின் சீவலுக்குப் பதில் மாவாகத் தள்ளுகிறது என்றால் பல் மழுங்கியிருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதிது. அதே மேட்டை ஆத்திரத்தில் அதிகமாக அராவிவிட்டால் பல் மரத்தைக் கவ்வி இழுத்து உதைக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இயந்திரத்தை ஒப்படைத்த விதத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் மூடிய பெட்டியைக் கையில் கொடுத்து ரசீதை நீட்டும் வழக்கம்தான் எங்கும் இருக்கிறது. இவர் பெட்டியைப் பிரித்து, பாரையும் செயினையும் என்னைக்கொண்டே மாட்டவைத்து, எண்ணெயும் எரிபொருளும் ஊற்றி, தரையில் வைத்துக் கால் வைத்து மிதித்து, சோக் போட்டு இழுக்கச் சொன்னார். இரண்டாவது இழுப்பில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டு அணைந்தது. மறுபடி இழுக்கப் போன என்னை நிறுத்தி, அந்த ஒரு 'டப்' கேட்டவுடன் சோக்கைப் பாதி நிலைக்கு இறக்க வேண்டும், இறக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பிளக் நனைந்து எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிவிடும் என்றார். பழைய இயந்திரத்தில் எத்தனை காலைகளை நான் இப்படி வீணாக்கியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன். எஞ்சின் சூடானதும் பாரின் நுனியை ஒரு வெள்ளை அட்டைக்கு நேராகப் பிடித்து ரேஸ் கொடுத்தார். அட்டையில் எண்ணெய் மெல்லிய கோடாகத் தெறித்தது, ஆயில் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. பிறகு முழு ரேஸில் இடது மணிக்கட்டால் முன்பக்கக் காப்பை முன்னே தள்ளினார். செயின் அந்த நொடியே நின்றது. ஒவ்வொரு நாளும் மரத்தில் வைப்பதற்கு முன் இந்தப் பிரேக் சோதனையைச் செய்ய வேண்டும் என்று சொல்லி, கிளட்சின் பக்கத்தில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய கொக்கியைக் காட்டினார்: செயின் அறுந்தால் கையை நோக்கிச் சாட்டையாக வீசாமல் பிடித்துக்கொள்வது அதுதான். என் பழைய இயந்திரத்தில் அந்தக் கொக்கி உடைந்து போயிருந்ததைக் கவனித்தவரும் இவர்தான்.

சுழற்சி வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரை வைத்து ரேஸை அளந்து குறித்துக்கொடுத்ததோடு, காதால் கேட்டும் புரியவைத்தார். வெறுமனே முழு ரேஸ் கொடுக்கும்போது சத்தம் கொஞ்சம் உளறலாக, தொண்டை கரகரத்ததுபோல் இருக்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியவுடன் அந்தக் கரகரப்பு தெளிந்து சீராக வேண்டும். வெறும் ரேஸிலேயே கொசு ரீங்கரிப்பதுபோல் மெல்லிதாக, கூர்மையாகச் சத்தம் வந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள், உடனே அணைத்துவிட வேண்டும். என் பழைய இயந்திரம் கடைசி மாதத்தில் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தது. நான் அதை நல்ல வேகம் என்று நினைத்து மகிழ்ந்தேன்.

எரிபொருளைப் பற்றி அவர் கண்டிப்பானவர். 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர் எண்ணெய், அளவுக்குவளையால் அளந்து, கண்மதிப்பில் ஊற்றக்கூடாது. எண்ணெய் டப்பாவில் ஜாசோ எஃப்.டி. என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; படகு எஞ்சினுக்கான டூ ஸ்ட்ரோக் எண்ணெய் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது, காற்றால் மட்டும் குளிரும் செயின்சாவுக்குப் பொருந்தாது. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை விறைக்கச் செய்யும். அதனால் நீண்ட நாள் நிறுத்தி வைப்பதானால் டேங்கைக் காலிசெய்து, தானாக அணையும்வரை ஓட்டிவிட வேண்டும். செயினுக்கு ஊற்றும் எண்ணெய்க்குப் பதில் வண்டியில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுபவர்களைப் பற்றி அவர் பேசும் மொழியை இங்கே எழுத முடியாது. அதிலுள்ள உலோகத்தூள் பம்பையும் பாரையும் தேய்க்கும், தெறிக்கும் புகையை மூச்சில் இழுப்பவரும் நாம்தான் என்பது அதன் நாகரிகமான சுருக்கம்.

குறைகளும் உண்டு. காற்றும் மழையும் அடித்து மரங்கள் சாய்ந்த வாரங்களில் அவரிடம் கொடுத்த இயந்திரம் உடனே திரும்பி வராது. ஒருமுறை ஒரு ஸ்டார்டர் ஸ்பிரிங்குக்காகப் பதினெட்டு நாள் காத்திருந்தேன், நடுவில் போன் செய்தால் எடுப்பதும் இல்லை. விலையில் ஒரு பைசா குறைக்க மாட்டார். தாம் விற்கும் இரண்டு நிறுவனங்களைத் தவிர மற்றவற்றைக் கையில் வாங்கவே தயங்குகிறார். என்னுடையதைப் பிரித்துப் பார்த்ததுகூட, கடை வெறிச்சோடிக் கிடந்த நாளில் நான் வந்ததனால் கிடைத்த சலுகை என்று பின்னர் அறிந்தேன். இன்னொன்று, சாணை பிடிக்க ஒருமுறை அவர் இல்லாதபோது செயினைக் கொடுத்துவிட்டு வந்தேன். உதவியாளர் கிரைண்டரை அழுத்திப் பிடித்து, பற்களின் முனையில் நீலம் பாய வைத்துவிட்டார். அப்படிச் சூடேறிய பல்லின் முனை கடினப்பட்டுவிடும், அதன்மேல் அரம் வழுக்கிக்கொண்டுதான் போகும். திருப்பிக் கொண்டுபோய்க் காட்டியபோது டீலர் வாதாடவில்லை. பல்லை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, புதுச் செயின் ஒன்றை எடுத்து எண்ணிக்கை சரிபார்த்துக் கையில் கொடுத்தார். ஆனாலும் அன்றிலிருந்து என் செயினை நானேதான் அராவுகிறேன்.

நிறுவனங்களின் பெயரைப் பார்த்து வாங்குவதா, டீலரைப் பார்த்து வாங்குவதா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் எளிதில் போய்வரக்கூடிய தூரத்தில் நல்ல டீலர் எந்த நிறுவனத்துக்கு இருக்கிறாரோ அதை வாங்குங்கள். ஸ்டில் 1926-இல் தொடங்கிய நிறுவனம். ஹஸ்க்வர்னா 1689-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கி 1959-இல் செயின்சாவுக்கு வந்தது. இரண்டுமே நல்ல இயந்திரங்களைச் செய்கின்றன, அவற்றுக்குள் எது சிறந்தது என்ற விவாதம் ஓயப்போவதில்லை. எம்-ட்ரானிக், ஆட்டோட்யூன் என்ற பெயர்களில் வரும் அவற்றின் புதிய கார்புரேட்டர்களில் திருப்புவதற்குத் திருகே இல்லை. கலவையை ஒரு சிறு மின்னணுச் சாதனம் பார்த்துக்கொள்கிறது. பிழை ஏற்பட்டால் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவி வேண்டும், அது அந்த நிறுவனத்தின் டீலரிடம்தான் இருக்கும். அப்படிப்பட்ட இயந்திரத்தை டீலர் இல்லாத இடத்தில் வாங்குவது, சாவி இல்லாத பூட்டை வாங்குவதற்குச் சமம்.

புதிய கடை ஒன்றை எடைபோட வேண்டியிருந்தால் நான் முன்பக்கத்தில் தொங்கும் பளபளப்பான இயந்திரங்களைப் பார்ப்பதில்லை. பின்பக்கப் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பேன். பிரித்த இயந்திரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தட்டில், பெயர்ச்சீட்டோடு இருக்கின்றனவா? சவ்வு, எரிபொருள் குழாய், ஸ்ப்ராக்கெட் போன்ற சில்லறைப் பாகங்கள் அலமாரியில் இருக்கின்றனவா, அல்லது எல்லாவற்றுக்கும் 'வரவழைக்கணும்' என்ற பதில்தானா? செயின் சுருள் மொத்தமாக வாங்கி எண்ணிக் கட்டித் தருகிறாரா? இரண்டு செயின் தேய்ந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டும் என்று தாமாகவே சொல்கிறாரா? காப்பு உடை வைத்திருக்கிறாரா? என் டீலர், முதல் வகுப்புச் சான்று பெற்ற, அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயினை வைத்துச் சோதித்த கால்சட்டை ஒன்றை இயந்திரத்தோடு சேர்த்தே எடுத்து வைத்தார். வேண்டாம் என்றதும், நைந்துபோன பழையது ஒன்றைக் கொண்டுவந்து, வெட்டுப்பட்ட இடத்தில் நீண்ட நார்கள் பிதுங்கி நிற்பதைக் காட்டினார். அந்த நார்கள் ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்தியிருந்தன. அதைப் போட்டிருந்தவர் மறுநாள் புதிது வாங்க நடந்தே வந்தார் என்றார். நானும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகளாக அந்த 45 சி.சி. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது; இதுவரை மாற்றியது அந்த ஸ்பிரிங்கும் ஒரு பிளக்கும் இரண்டு செயினும் மட்டுமே. போன மாதம் மூன்றாவது செயின் வாங்கப் போயிருந்தேன். அவர் செயினை எடுப்பதற்கு முன் என் இயந்திரத்தின் கிளட்ச் மூடியைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டில் விழுந்திருந்த பள்ளத்தில் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இதை மாத்தாம புதுச் செயின் தரமாட்டேன்" என்று அலமாரிப் பக்கம் திரும்பினார்.